இருபது வருஷத்துக்கு அப்புறம் அம்மா படகுல ஏறுன நாள்

ஜப்பான் மொழியில எங்க அம்மாவுக்கு இங்க டோக்கியோவுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரே வார்த்தை சுனாமி. நாகப்பட்டினத்துக்காரங்க யாருக்குமே அந்த வார்த்தைய சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல.

அம்மா நாகைல மீனவப் புள்ளைங்க நிறைய படிச்ச ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தாங்க. 2004 டிசம்பர்ல அரைப்பரீட்சை முடிஞ்சு லீவு விட்ட அன்னைக்கு புள்ளைங்க எல்லாம் பையத் தூக்கிக்கிட்டு “போயிட்டு வரேன் டீச்சர், போயிட்டு வரேன் டீச்சர்”னு கத்திக்கிட்டே ஓடுச்சுங்களாம். அது முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமைதான் 26ம் தேதி. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல செத்துப்போனாங்க, அம்மா கிளாஸ்ல எத்தனை பேருன்னு அவங்க இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. அதுக்கப்புறம் அம்மா கடக்கரைக்குப் போகல. வேளாங்கண்ணிக்குப் போனா கோயில் வரைக்கும் வருவாங்க, கரைப்பக்கம் வரமாட்டாங்க. என் கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் கன்னியாகுமரி போனோம், விவேகானந்தர் பாறைக்குப் போற படகுல நாங்க எல்லாரும் ஏற, அம்மா மட்டும் கரையில ஒரு கடை பெஞ்சுல உக்காந்து எங்க செருப்ப பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இதையெல்லாம் முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இது தெரியாம அந்த ஒரு நாளப் பத்தி எழுதினா “அம்மாவோட டிஸ்னி போனோம், ஜாலியா இருந்துச்சு”ங்கிற அளவுலதான் நிக்கும்.

நாங்க இருக்கிறது டோக்கியோவோட கிழக்கு ஓரத்துல நிஷி-கசாய்ங்கிற ஏரியா. நம்மூரு ஆளுங்க ஏகப்பட்ட பேர் இருக்கிற இடம், ஸ்டேஷன்ல இறங்கினா தமிழ் காதுல விழாத நாள் கிடையாது. ராத்திரில காத்து எங்க பக்கம் அடிச்சா டிஸ்னியில விடுற வாணவேடிக்கை சத்தம் பால்கனிக்குக் கேக்கும், அவ்வளவு கிட்ட. 2024 நவம்பர்ல அம்மா மூணு வாரம் வந்திருந்தப்ப என் பையன் (எட்டு வயசு) அந்த சத்தத்த கேட்டுட்டு, அம்மாச்சியும் வரணும், வந்தே ஆகணும்னு நின்னுட்டான். இங்க ரெண்டு பார்க் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983ல தொறந்தது, டோக்கியோ டிஸ்னிசீ 2001 செப்டம்பர் 4ல தொறந்தது. ரெண்டையும் நடத்துறது ஓரியண்டல் லேண்டுங்கிற ஜப்பான் கம்பெனி, டிஸ்னிகிட்ட உரிமம் வாங்கி நடத்துறாங்க. பையன் லேண்டுக்கு ஏற்கெனவே போயிருக்கான், அதனால அவனுக்கு சீதான் வேணும். அம்மா “சீன்னா என்னடா?”ன்னு கேக்க, அவன் “கடல் அம்மாச்சி, பார்க் முழுக்க கடல், கப்பல் எல்லாம் இருக்கும்”னு சந்தோஷமா சொல்றான். அம்மா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிட்டாங்க.

நான் பின்னாடியே போய், அது நெஜக் கடல் இல்லம்மா, வெட்டி விட்ட தண்ணி, அலை கெடையாது, நீ ஏறவே வேணாம், உக்காந்து பாத்தா போதும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு “புள்ள ஆசைப்படுது, வரேன். ஆனா படகுல ஏறச் சொல்லக்கூடாது”ன்னாங்க. சரின்னேன்.

டிக்கெட் நாளுக்கு ஒரு விலை, பெரியவங்களுக்கு அப்ப 7,900 யென்ல இருந்து 10,900 யென் வரைக்கும் இருந்துச்சு, அதனால கூட்டம் கொறைவா இருக்கிற செவ்வாய்க்கிழமையா பாத்து எடுத்தோம். கசாய் ஸ்டேஷன்ல இருந்து நேரா பஸ் இருக்கு. உள்ள சாப்பாடு கொண்டுபோக விடமாட்டாங்கன்னு சொல்லியும் அம்மா காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சு புளிசாதம் கிண்டி, உருளைக்கெழங்கு வறுத்து, வாழையிலை கெடைக்காததால அலுமினியப் பேப்பர்ல மடிச்சு வச்சுட்டாங்க. நல்லவேளையா கேட்டுக்கு வெளியவே கட்டுச்சாதம் சாப்பிடுறதுக்குன்னு மேஜை பெஞ்சு போட்டு ஒரு இடம் இருக்கு. பத்தரை மணி வெயில்ல, குளிர் காத்துல, அங்க உக்காந்து ஆளுக்கொரு பொட்டலம் பிரிச்சோம். பக்கத்து மேஜையில ஒரு ஜப்பான் பாட்டி பேரன் பேத்தியோட சோத்து உருண்டை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அம்மாவப் பாத்து தலையக் குனிஞ்சாங்க, அம்மாவும் குனிஞ்சாங்க, பிக்னிக் நல்லாத்தான் ஆரம்பிச்சது.

உள்ள நொழஞ்சதும் மொதல்ல தெரியறது ஒரு பெரிய பூமி உருண்டை. தண்ணி மேல இருந்து வழிஞ்சுக்கிட்டே இருக்கும், கண்டம் எல்லாம் நனைஞ்சு மினுமினுங்கும். டீச்சர் புத்தி, அம்மா நேரா போய் இந்தியா எங்கன்னு தேடி, இலங்கையக் கண்டுபிடிச்சு, அப்புறம் பேரனுக்கு “இங்கதான் நாகப்பட்டினம்”னு விரல் நீட்டிக் காட்டினாங்க. அதத் தாண்டி ஒரு ஓட்டல் கட்டடத்துக்கு அடியில வளைவு மாதிரி இருக்கிற வழியா நடந்து வெளிய வந்தா, திடீர்னு முன்னாடி ஒரு இத்தாலி துறைமுகம் விரியுது. அந்த இடத்துல எல்லாருமே ஒரு செகண்ட் நின்னுருவாங்க. மஞ்சளும் காவியுமா வீடுங்க, எதிர்ல எரிமலை, நடுவுல தண்ணி. வீட்டுச் சுவத்துல இருக்கிற ஜன்னல்ல பாதிக்கு மேல பெயிண்ட்ல வரைஞ்சதுதான், கிட்டப் போய் தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். இத்தாலியோட லிகூரியா கரையில இப்படி ஜன்னல் வரையறது பழைய பழக்கமாம், அதையும் விடாம செஞ்சிருக்காங்க.

ஆனா அம்மா தண்ணி பக்கமே வரல. கைப்பிடிக் கம்பிக்கும் அவங்களுக்கும் நடுவுல எப்பவும் பத்தடி இருக்கிற மாதிரி, கடைச் சுவத்த ஒட்டி ஒட்டியே நடந்தாங்க. வெனிஸ் மாதிரி கால்வாய்ல கோண்டோலா ஓடுது, ஓட்டுறவர் பாடுறாரு, பையன் கெஞ்சினான், நான் அவன் கையப் புடிச்சு அழுத்தினதும் விட்டுட்டான். என் வீட்டுக்காரர் அவனக் கூட்டிக்கிட்டு புதுசா தொறந்த ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் பக்கம் கெளம்பிட்டாரு. 2024 ஜூன் 6ல தொறந்தது, 32,000 கோடி யென் செலவு பண்ணிக் கட்டினது, ஊரே அங்கதான் நிக்குது. நானும் அம்மாவும் மட்டும் தனியா.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். வயசானவங்கள தீம் பார்க் கூட்டிட்டுப் போறது காசுக்குப் புடிச்ச கேடுன்னு நெறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், ரைடு ஏறமுடியாது, க்யூவுல நிக்கமுடியாது, பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்கா இவ்வளவு காசுன்னு. டிஸ்னிசீக்கு அது பொருந்தாதுங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய கோட்டை இருக்கு. அதுக்குள்ள போறதுக்கு க்யூ கெடையாது. அந்தக் காலத்துல கடலோடிகளும் விஞ்ஞானிகளும் சேந்து ஒரு சங்கம் வச்சிருந்தாங்கங்கிற மாதிரி ஒரு கற்பனை, அந்த சங்கத்தோட கூடம்தான் கோட்டை. ஒரு வட்டமான ரூம்ல சூரியனையும் கிரகங்களையும் பெருசு பெருசா பித்தளை நெறத்துல தொங்கவிட்டு, கீழ கைப்பிடிச் சக்கரம் வச்சிருக்காங்க. நீங்க சக்கரத்தச் சுத்தினா அந்த கிரகம் மேல நகரும். இன்னொரு ரூம்ல ஃபூக்கோ ஊசல், பூமி சுத்துறத காட்டுறது. முப்பது வருஷம் கரும்பலகையில வட்டம் போட்டு சாக்பீஸ்ல கிரகம் வரைஞ்ச ஒரு டீச்சர அந்த ரூமுக்குள்ள விட்டா என்ன ஆகும்? அம்மா சனிக்கிரகத்துக்கான சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு சுத்தி சுத்தி மேல அண்ணாந்து பாக்குறாங்க, அவங்க மூஞ்சி எனக்கு மறக்காது. ஊசல் ரூம்ல மட்டும் அரைமணி நேரம் நின்னோம். “இதப் படத்துலதான்டி காட்டிருக்கேன் புள்ளைங்களுக்கு, நானே பாத்ததில்ல”ன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல, யாரையோ நெனச்சுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுது.

கோட்டையில இருந்து இறங்கி எரிமலைக்குள்ள போற பாதையில நடந்தோம். அந்த எரிமலைக்கு ப்ரோமீதியஸ்னு பேரு, அதோட வாய்க்குள்ளயே ஒரு பகுதி கட்டியிருக்காங்க, சுத்தியும் பாறை, கீழ பச்சையா தண்ணி, அங்கங்க குமிழி விட்டு ஆவி. அப்பத்தான் அது ஆச்சு. அந்த எரிமலை நாள்ல பல தடவை ‘வெடிக்கும்’, உறுமல் மாதிரி ஆரம்பிச்சு, டமார்னு சத்தத்தோட உச்சியில நெருப்பு வரும். நான் அதை மறந்தே போயிட்டேன், முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். சத்தம் வந்ததும் அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு திரும்பி ஓட ஆரம்பிச்சுட்டாங்க, மேட்டுப்பக்கமா, படிக்கட்டப் பாத்து. சத்தம் வந்தா மேட்டுக்குப் போகணும்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. படி கிட்ட போய் நின்னு மூச்சு வாங்குறாங்க, கை நடுங்குது, நான் “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா”ன்னு முதுகத் தடவிக்கிட்டே இருந்தேன். தூத்துக்கிட்டு இருந்த ஒரு பொண்ணு, வெள்ளை யூனிஃபார்ம், வெளக்கமாத்தையும் முறத்தையும் கீழ வச்சுட்டு ஓடிவந்து, எங்க எதிர்ல முட்டி போட்டு உக்காந்து அம்மா மூஞ்சியக் கீழ இருந்து பாத்து “தைஜோபு தெஸ்கா?”ன்னு கேட்டுச்சு, ஒண்ணும் ஆகலயேன்னு அர்த்தம். அம்மாவுக்கு வார்த்த புரியல, கேட்ட விதம் புரிஞ்சுது. பெஞ்சு இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுது அந்தப் பொண்ணு. அம்மா தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் போகல.

உக்காந்ததுக்கு அப்புறம் அம்மா கேட்டாங்க, “நெஜமாவே இங்க பூகம்பம் வந்தா என்னடி பண்ணுவாங்க இவ்வளவு பேர வச்சுக்கிட்டு?”

வந்திருக்கும்மான்னு சொல்லி, எனக்குத் தெரிஞ்சத அங்கயே உக்காந்து சொன்னேன். 2011 மார்ச் 11, மத்தியானம் 2.46. ரெண்டு பார்க்லயும் சேத்து சுமார் எழுபதாயிரம் பேர் இருந்தாங்க. தரை ஆட ஆரம்பிச்சதும் வேலை பாக்குற சின்னப் பசங்க எல்லாரையும் உக்காந்து தலைய மூடிக்கச் சொல்லி, கடையில விக்கிறதுக்கு வச்சிருந்த துணி பொம்மைங்கள எடுத்து, காசு கணக்கு எதுவும் பாக்காம, இத தலைமேல வச்சுக்கங்கன்னு ஜனங்ககிட்ட குடுத்தாங்க. யாரும் மேல இருந்து உத்தரவு போடல, அந்தந்த கடையில இருந்தவங்களே எடுத்த முடிவு. ராத்திரி ரயில் எல்லாம் நின்னுபோச்சு, குளிரு, மழை வேற, இருபதாயிரம் பேரு வீட்டுக்குப் போக முடியாம உள்ளயே தங்கினாங்க. அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, என்ன கெடைச்சுதோ அதையெல்லாம் குளிருக்குப் போத்திக்கக் குடுத்தாங்க. யாருக்கும் பெரிய காயம் இல்ல. வருஷம் முழுக்க பயிற்சி பண்ணிக்கிட்டே இருப்பாங்களாம் அவங்க, அது அன்னைக்கு கை குடுத்துச்சு. வடக்க வந்த மாதிரி பெரிய அலை இந்த டோக்கியோ வளைகுடாவுக்குள்ள வரல, ஆனா இந்த ஊரு நெலம் பெரும்பாலும் கடலைத் தூத்து எடுத்தது, அதனால மண்ணு கூழு மாதிரி ஆகி ரோடு, வீடு, கரண்டு கம்பமெல்லாம் சாஞ்சுது. பார்க் கட்டும்போதே அடியில மணலத் தூண் தூணா அடிச்சு எறக்கி மண்ண இறுக்கி வச்சிருந்தாங்க, அதனால கட்டடம் எல்லாம் தப்பிச்சுது, அப்படிச் செய்யாத கார் பார்க்கிங்ல மட்டும் சேறு பொங்கிடுச்சு. டிஸ்னிசீ திரும்பத் தொறந்தது ஏப்ரல் 28.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் “பொம்மையக் குடுத்தாங்களா”ன்னாங்க. அவ்வளவுதான்.

அங்க இருந்து கடற்கன்னிப் பகுதி வழியா அரபிக் கரைக்கு வந்தோம். இந்த இடம் பாக்தாத் கடைத்தெரு மாதிரி, நீல ஓடு பதிச்ச கும்மட்டம், ரெண்டு மாடி ராட்டினம், கறி பாப்கார்ன் வாசனை. ஆமா, கறி மசாலா போட்ட பாப்கார்ன், அதுக்கு ஒரு க்யூ. அம்மா ரெண்டு வாய் போட்டுட்டு “நம்ம குழம்புப்பொடி இன்னும் நல்லாருக்கும்”னாங்க. அங்கதான் சிந்துபாத் ரைடு இருக்கு. அஞ்சு நிமிஷம் கூட க்யூ இல்லாத ரைடு, இந்த பார்க்லயே எனக்கு ரொம்பப் புடிச்சதும் அதுதான், ரோலர்கோஸ்டருக்கு மூணு மணி நேரம் நிக்கிறவங்க இத ஏறாமப் போறத நெனச்சா மனசு ஆறாது. பிரச்சனை என்னன்னா, அது படகு. நான் கேக்கல, வாக்கு குடுத்திருக்கேனே. வாசல்ல நின்னு படத்தக் காட்டி இது சிந்துபாத் கதைன்னு மட்டும் சொன்னேன். சிந்துபாத் கதைய கிளாஸ்ல எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க அவங்க.

“தண்ணி எவ்வளவு ஆழம்?”

எட்டிப் பாத்தோம். வாய்க்கால் மாதிரி, ஒடுக்கமா, ரெண்டு பக்கமும் சுவரு. படகு அந்த வாய்க்காலுக்குள்ள கச்சிதமா பொருந்தியிருக்கு, கவுறதுக்கு எடமே இல்ல. அம்மா ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க, மூணு படகு போறவரைக்கும். நாலாவது படகு வந்தப்ப செருப்ப இறுக்கிக்கிட்டு, என்னப் பாக்காம, ஏறி உக்காந்துட்டாங்க. நான் பின்னாடியே தாவி ஏறினேன்.

படகு கெளம்புறப்ப கரையில நிக்கிற பையன் ரெண்டு கையையும் ஆட்டி “இத்தெராஷ்ஷாய்!”னு சத்தமா சொன்னான். என்ன சொல்றான்னு அம்மா கேட்டாங்க. “போயிட்டு வாங்க”ன்னு சொல்றான்மான்னேன். ஜப்பான்காரங்களும் வீட்ட விட்டு கெளம்புறப்ப நம்மள மாதிரியேதான், போறேன்னு சொல்லமாட்டாங்க, “போயிட்டு வரேன்”னுதான் சொல்லுவாங்க, “இத்தெகிமாஸ்”, அதுக்கு வீட்ல இருக்கிறவங்க பதில் இது. அம்மா திரும்பி அந்தப் பையனப் பாத்தாங்க. அவன் இன்னும் கையாட்டிக்கிட்டே இருந்தான். படகு இருட்டுக்குள்ள போயிடுச்சு.

உள்ள நூத்துக்கும் மேல பொம்மைங்க, ஒவ்வொண்ணும் மூச்சு விடுற மாதிரி அசையுது. சிந்துபாத்தும் அவன் புலிக்குட்டியும் ஊர விட்டுக் கெளம்புறாங்க, பெரிய பறவையோட குஞ்சத் திருடங்ககிட்ட இருந்து காப்பாத்துறாங்க, கட்டி வச்சிருந்த ராட்சசன அவுத்து விடுறாங்க, அவன் சந்தோஷமா வாத்தியம் வாசிக்கிறான், குரங்குங்க, வாழைப்பழக் குவியல், திமிங்கலம். 2001ல தொறந்தப்ப இந்த ரைடு பயங்கரமா இருந்துச்சாம், ராட்சசனும் கடலும் எல்லாம் சிந்துபாத்துக்கு எதிரி. 2007ல மொத்தமா மாத்திட்டாங்க, எல்லாரும் அவனுக்கு சிநேகிதம் ஆகிட்டாங்க, புலிக்குட்டியும் அந்தப் பாட்டும் அப்ப சேத்ததுதான். எனக்குத் தெரிஞ்சு ஒரு ரைட பயம் கொறைக்கிறதுக்காக மாத்தினது அபூர்வம். கடைசியில சிந்துபாத் ஊருக்குத் திரும்பி வர்றான், ஊரே கரைக்கு வந்து நின்னு ஆடிப்பாடி அவன அழைக்குது. அம்மா மடியில கைய வச்சுக்கிட்டு, முன்னாடி சாஞ்சு, பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு வந்தாங்க. பயந்த மாதிரி தெரியல.

வெளிச்சத்துக்கு வந்தோம். எறங்குற எடத்துல வேற ஒரு பொண்ணு, அதே மாதிரி ரெண்டு கையையும் ஆட்டி, “ஒகாயெரினாசாய்!”

“இது என்ன?”

“திரும்பி வந்துட்டீங்களா, வாங்கன்னு அர்த்தம்மா. வீட்டுக்குத் திரும்பி வர்றவங்களுக்குச் சொல்றது.”

அம்மா எறங்கல. படகுல உக்காந்தபடியே அந்தப் பொண்ணப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, கண்ணுல தண்ணி நெறஞ்சு நிக்குது. பின்னாடி இருக்கிறவங்க பொறுமையா இருந்தாங்க, யாரும் அவசரப்படுத்தல. நான் கையக் குடுத்ததும் எந்திரிச்சு, கரையில கால வச்சு, அந்தப் பொண்ணுகிட்ட போய் கன்னத்தத் தொட்டாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்கள இங்க யாரும் அப்படித் தொடமாட்டாங்க, எனக்கு திக்குனுச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை சொல்லுச்சு, மெதுவா, அம்மாவுக்கு மட்டும் கேக்குற மாதிரி.

வெளிய வந்து ஒரு தூண் கிட்ட நின்னு முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு அம்மா சொன்னாங்க, “லீவு விட்டப்ப எல்லாம் போயிட்டு வரேன்னுதான்டி சொல்லிட்டுப் போச்சுங்க. ஜனவரில ஸ்கூல் தொறந்தப்ப வாசல்ல போய் நின்னேன். வந்ததுங்கள வாங்கன்னு கூட எனக்குச் சொல்ல வரல. வந்ததுங்க எத்தனை, வராததுங்க எத்தனைன்னே எண்ணிக்கிட்டு நின்னேன். வந்த புள்ளைங்களுக்கு நான் ஒரு வார்த்த சொல்லிருக்கணும்.”

இருபது வருஷத்துல அம்மா இத எங்கயும் சொல்லி நான் கேட்டதில்ல. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, அவங்க தோள்ல சாஞ்சு நின்னேன், பக்கத்துல ராட்டினம் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் அம்மாவே ரெண்டாவது தடவை சிந்துபாத் ஏறணும்னாங்க. ஏறினோம். மூணாவது தடவையும். ஒவ்வொரு தடவையும் எறங்குற எடத்துல நின்னு அந்த வார்த்தைய திருப்பிச் சொல்லிப் பாத்தாங்க, “ஒகாயெரி, ஒகாயெரி”ன்னு, பாடம் பண்ற மாதிரி.

சாயங்காலம் நாலு மணிக்கு பையனும் அவரும் வந்து சேந்தாங்க. அரபிக் கரைக்குப் பக்கத்துல காட்டாறு மாதிரி ஒரு பகுதி இருக்கு, அங்க ஒரு படகுத்துறை, பழைய காலத்து ஸ்டீமர் ஒண்ணு துறைமுகம் வரைக்கும் கூட்டிட்டுப் போகும். நடந்தே போயிடலாம்னு நான் ஆரம்பிக்கும்போதே அம்மா பேரன் கையப் புடிச்சுக்கிட்டு க்யூவுல நின்னுட்டாங்க. இது வாய்க்கால் கெடையாது, தெறந்த தண்ணி, அகலமா, காத்து அடிக்குது, படகு லேசா ஆடும். ஓரத்து சீட்டுல பேரன் பக்கத்துல உக்காந்தாங்க. ஒரு கையால கம்பிய அழுத்திப் புடிச்சிருந்தாங்க, வெரல் வெளுத்துப்போற அளவுக்கு, அத நான் பாத்தேன். ஆனா கரையில நிக்கிறவங்க எல்லாம், யாரு எவருன்னு தெரியாதவங்க, கொழந்தைங்க, காலேஜ் பொண்ணுங்க, பலூன் விக்கிறவரு, எல்லாரும் படகப் பாத்து கையாட்டுறாங்க. அங்க அது ஒரு வழக்கம், படகு போனா கையாட்டணும். கொஞ்ச தூரம் போனதும் அம்மா கம்பிய விட்டுட்டு ரெண்டு கையாலயும் ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க. என் பையன் படத்த எடுத்திருக்கான், கொஞ்சம் ஆடிப்போன படம்தான், எங்க வீட்டு ஹால்ல அதத்தான் மாட்டியிருக்கோம்.

இருட்டுற நேரத்துக்கு அமெரிக்கத் துறைமுகம்னு ஒரு பகுதிக்கு வந்தோம், அங்க கொலம்பியான்னு ஒரு பெரிய பயணிகள் கப்பல் நிக்குது. நகராது, ஆனா ஏறி மேல்தட்டு வரைக்கும் போகலாம். மேல போய் நின்னா ஒரு பக்கம் பார்க் முழுக்க வெளக்கு, எரிமலை, கும்மட்டம் எல்லாம் தெரியும். இன்னொரு பக்கம் திரும்பினா நெஜக் கடல். டோக்கியோ வளைகுடா, கருநீலமா, தூரத்துல சரக்குக் கப்பல் வெளக்கு. பார்க் தண்ணியும் வளைகுடாவும் ஒண்ணா சேந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

“அது நெஜமா?”ன்னு கேட்டாங்க அம்மா. ஆமான்னேன். அந்தப் பக்கமே போய் நின்னாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சு கடலை நேரா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, காத்து முந்தானையத் தூக்குது.

அப்பத்தான் நான் சொன்னேன், நாம நிக்கிற இந்த எடமும் கடலா இருந்ததுதாம்மான்னு. உராயாசுங்கிற இந்த ஊரு மீன்புடிச்சு வாழ்ந்த ஊரு. மட்டி அள்ளுறது, கடல்பாசி வளக்கிறது, அதுதான் பொழப்பு. 1958ல ஆத்துக்கு மேல இருந்த ஒரு காகித ஆலையோட கழிவுத்தண்ணி கருப்பா வந்து மட்டியெல்லாம் செத்துப்போக, மீனவங்க தெரண்டு ஆலைக்குள்ள நொழஞ்சாங்க, போலீஸோட மோதல், நெறைய பேருக்கு அடி. அந்த வருஷக் கடைசியிலயே ஜப்பான்ல தண்ணியப் பாதுகாக்கிற சட்டம் வந்துச்சு. ஆனா கடல் மீளல. கொஞ்சம் கொஞ்சமா மீன்புடி உரிமைய விட்டுக் குடுத்து, 1971ல மொத்தமா விட்டுட்டாங்க. கடலைத் தூத்து தூத்து ஊரு நாலு மடங்கு பெருசாச்சு, அந்தப் புது நெலத்துலதான் இந்த ரெண்டு பார்க்கும். கடலைத் தூத்து நெலமாக்கி, அந்த நெலத்தத் தோண்டி திரும்ப ஒரு கடலை உண்டாக்கியிருக்காங்க. இந்த பார்க் மேல எனக்கு இருக்கிற பாசம் கொஞ்சமும் கொறையல, ஆனா அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அங்க போறப்பல்லாம் காலுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு நெனக்காம இருக்க முடியல.

அம்மா கேட்ட முதல் கேள்வி, “அந்த மீன்காரங்க எல்லாம் எங்க போனாங்க?”

அடுத்த ஞாயித்துக்கிழமை அதுக்காகவே உராயாசு நகர அருங்காட்சியகத்துக்குப் போனோம். டிஸ்னிசீ தொறந்த அதே 2001லதான் இதுவும் தொறந்துச்சு, காசு கெடையாது. 1952 வாக்குல ஊரு எப்படி இருந்துச்சோ அப்படியே ஒரு தெருவ வெளிய கட்டி வச்சிருக்காங்க, மரவீடு, மீன்கடை, புகையிலைக் கடை, ஓரத்துல வாய்க்கால், அதுல பெகாபுனேங்கிற சின்ன மரப்படகுங்க, பாசி அறுக்க ஒரு ஆளு போறது. உள்ளூர்ப் பெரியவங்க தன்னார்வமா வந்து வர்றவங்களுக்கு விளக்குறாங்க. எண்பது வயசிருக்கும் ஒருத்தர் மட்டி அரிக்கிற கூடைக்கொம்ப எடுத்துக் காட்டினாரு. அவரு ஜப்பான்ல பேச, அம்மா தமிழ்ல பேச, நான் நடுவுல மாத்திச் சொல்லப் பாத்து, பாதியில விட்டுட்டேன், தேவைப்படல. எங்க ஊர்லயும் இப்படித்தான், இதவிட நீளமா இருக்கும்னு அம்மா கையால அளந்து காட்டுறாங்க, அவரு தலைய ஆட்டுறாரு. அலை வந்துச்சான்னு அவரு கேட்டாரு, அதுல ஒரே ஒரு வார்த்த மட்டும் அம்மாவுக்கு மாத்திச் சொல்ல வேண்டியிருக்கல. அம்மா ஆமான்னு தலைய அசைச்சாங்க. அவரு கொம்பச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, தொப்பியக் கழட்டினாரு.

வாய்க்கால் ஓரத்துல குந்தி உக்காந்து அந்தப் படகோட விளிம்ப அம்மா கையால தடவிப் பாத்தாங்க. பேரன் அதுக்குள்ள தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய்ட்டு திரும்பி மூச்சு வாங்க ஓடிவந்தான். அம்மா நிமிந்து அவனப் பாத்து சொன்னாங்க, “ஒகாயெரி.”